கடல் கணிப்பைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: உவரி, மணப்பாடு பக்கம் பலகையோடு இறங்குபவர்களுக்கு

கோடை விடுமுறை தொடங்கியதும் உவரி, கூடுதாழை, பெரியதாழை, மணப்பாடு கரைகளில் புதிதாக அலைச்சறுக்குப் பலகை வாங்கியவர்கள் வந்து நிற்கிறார்கள். கையில் போன், போனில் ஆப், ஆப்பில் அவர்கள் பார்ப்பது ஒரே ஓர் எண். ‘இன்னைக்கு ஒரு மீட்டர்கூட இல்ல, இறங்கலாம்’ என்று முடிவாகிவிடுகிறது. ஆள் மாறினாலும் ஆண்டுதோறும் இதே முடிவுதான். நீச்சல் தெரியாமல் இறங்குவது, பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிறு இல்லாமல் போவது, குடித்துவிட்டுக் கடலில் கால் வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர் மாதிரி நடந்துகொண்டே செய்யும் தவறுகள்தான் இங்கே பேச்சு.

முதலில் கரையின் கிடப்பைச் சொல்லிவிட வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து மணப்பாடு வரை கரை வடகிழக்காக ஓடுகிறது. அதாவது முகம் தென்கிழக்கே. கிழக்கே இலங்கை மறைக்கிறது. தெற்கே மறைப்பதற்கு அண்டார்டிகா வரை எதுவும் இல்லை. பாறையோ பவளத்திட்டோ அலையை முன்கூட்டியே உடைத்துத் தராத மணல் கரைகள்தான் பெரும்பாலும். மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் குன்றின் வடபக்கம் ஒதுக்கமாக இருக்கும். தென்பக்கம் முழுத் திறப்பு. கீழே சொல்வதெல்லாம் அந்தத் திறந்த பக்கத்துக்கு.

உயரத்தை மட்டும் படிப்பது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணிப்பில் அலைக்கு மூன்று எண்கள் உண்டு: உயரம், திசை, வினாடி. ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி ஆகிறது என்பதுதான் மூன்றாவது. பக்கத்துக் காற்று கிளப்பிய அலைக்கு அது 5 முதல் 8 வினாடி. தென்பெருங்கடலின் புயல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வரும் அலைக்கு 14 முதல் 20 வினாடி. இரண்டும் ஒரே உயரம் காட்டலாம். கரையில் இரண்டும் ஒன்றல்ல.

காரணம் அலையின் நீளத்தில் இருக்கிறது. ஆழ்கடலில் அலைநீளம் என்பது, வினாடியை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். 6 வினாடி அலைக்கு 56 மீட்டர். 16 வினாடி அலைக்கு 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரை அலையின் அசைவு இறங்கும். ஆக, 16 வினாடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்கி, வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, அந்தச் சுருக்கத்தை உயரமாக மாற்றிக்கொண்டே கரையேறுகிறது. ஒரே உயரமுள்ள 6 வினாடி அலையைவிட 16 வினாடி அலை இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கரையோரப் பொறியாளர்கள் உடையும் உயரத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் வாய்பாட்டில் 1.2 மீட்டர், 6 வினாடி என்று கொடுத்தால் உடையும் உயரம் ஏறத்தாழ 1.5 மீட்டர். 0.8 மீட்டர், 17 வினாடி என்று கொடுத்தால் 1.6 மீட்டர். ஆப்பில் சின்னதாகத் தெரிந்த நாள்தான் கரையில் பெரிய நாள். அலை கரைக்குச் சாய்வாக வந்தால் இது குறையும், மணல்திட்டின் அமைப்பைப் பொறுத்துக் கூடும். ஆனால் 0.8 என்ற எண்ணை வைத்து ‘சின்ன அலை’ என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

இதோடு முடிவதில்லை. ஆப் காட்டும் உயரம் மிகப்பெரிய அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நாலைந்து மணி நேரத்தில் அதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அலை ஒன்றாவது வந்தே தீரும். நீண்ட வினாடி அலைகள் கூட்டமாக வரும். ஐந்தாறு அலை அடிக்கும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கடல் படுத்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பவர் அந்த அடக்கத்தை மட்டும் பார்க்கிறார். இறங்கி நடுவில் இருக்கும்போது அடுத்த கூட்டம் வருகிறது.

கோபம் வருவது இன்னொன்றுக்கு. வினாடியைப் பார்த்தேன் என்பவரும் பல நேரம் தவறான வினாடியைத்தான் பார்த்திருப்பார். ஆப்பின் முதல் பக்கம் எல்லா அலைகளையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. காற்றலை 1.5 மீட்டர் 7 வினாடி, அடியில் தூர அலை 0.7 மீட்டர் 18 வினாடி என்றால், அந்தப் பக்கம் காற்றலையின் வினாடியை மட்டும் காட்டக்கூடும். பதினெட்டு வினாடி இருப்பதே தெரியாது. விண்டி, விண்ட்குரு போன்ற ஆப்களில் காற்றலை, ஸ்வெல் 1, ஸ்வெல் 2 என்று தனித்தனி வரிசைகள் உண்டு; ஸ்வெல் என்பது தூர அலை. அவற்றைத் திறந்து ஒவ்வொன்றின் வினாடியையும் படியுங்கள். 14க்கு மேல் எந்த வரிசையிலாவது இருந்தால், அதன் உயரம் அரை மீட்டராக இருந்தாலும் புதியவர் அன்று இடுப்பளவு நீரைத் தாண்டக் கூடாது.

அந்த எண் எப்போது வரும் என்பதும் முன்கூட்டியே தெரியக்கூடியதுதான். நீண்ட அலை வேகமாக ஓடும். தெற்கு அட்சரேகை 45 பாகையில் புயல் என்றால் நம் கரைக்கு ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர். 20 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை நாளில் வந்துவிடும். அதே புயலின் 14 வினாடி அலை மணிக்கு 39 கிலோமீட்டர். ஆறு நாளுக்கு மேல் ஆகும். எனவே முதலில் வருவது உயரம் குறைந்த, வினாடி மிகுந்த அலை. ஆப்பில் வினாடி 9இலிருந்து திடீரென 19க்குத் தாவினால், உயரம் ஏறாவிட்டாலும் பெரிய அலையின் முன்வரிசை வந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஒன்றிரண்டு நாளில் வினாடி மெல்ல இறங்க, உயரம் ஏறும்.

இதன் முரட்டு வடிவம்தான் கள்ளக்கடல். உள்ளூரில் காற்று இல்லை, மேகம் இல்லை, வெயில் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் கரையேறும். சித்திரை, வைகாசியில் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. அவர்கள் அலைச்சறுக்கப் போனவர்கள்கூட அல்ல. ஐதராபாத்திலுள்ள, கடல் நிலையைக் கணிக்கும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் மையம் கள்ளக்கடலுக்கும் உயர் அலைக்கும் மாவட்ட வாரியாக, இன்ன ஊர் முதல் இன்ன ஊர் வரை என்று எச்சரிக்கை தருகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டையும் பாருங்கள். கூடுதாழையும் பெரியதாழையும் பக்கத்து ஊர்கள், மாவட்டம் வேறு.

குளச்சல் கணிப்பை உவரிக்கு எடுப்பது

முட்டம், குளச்சல் கரைகள் அரபிக்கடலைப் பார்த்தவை. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அலை அங்கே நேராக மோதும். உவரிக்கு அதே அலை குமரிமுனையைச் சுற்றி வளைந்து, ஆற்றலைக் கொஞ்சம் இழந்து, சாய்வாக வரும். ‘கன்னியாகுமரி’ என்று தேடி வரும் எண் முனைக்கு மேற்கே உள்ள புள்ளியுடையதாக இருக்கலாம். ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். வரைபடத்தில் நீங்கள் இறங்கும் கரைக்கு நேர் எதிரே, தென்கிழக்கில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடலுக்குள் விரலை வைத்து அந்தப் புள்ளியின் எண்ணை எடுங்கள். பிறகு திசையைப் பாருங்கள். 150 முதல் 200 பாகைக்குள் (கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270) இருந்து வருவது முழு வலுவோடு வரும். 230, 240 என்றால் பெரும்பகுதி கரையை உரசிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த உரசல் கரையோர நீவாட்டை, அதாவது நீரோட்டத்தை, வடகிழக்காக முடுக்கும்.

மேலக்காற்றை நம்புவது

ஆரல்வாய்மொழி கணவாய் வழியே மேற்கிலிருந்து ஆடிக்காற்று பாய்வது காற்றாலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தியல்ல. ராதாபுரம் பக்கம் நின்றவர் எல்லோருக்கும் தெரியும். நம் கரையில் இந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலையின் முகத்தைச் சீவி நேராக நிறுத்தும். கரையோரம் நீர் வழவழவென்று இருக்கும். அலைச்சறுக்குக்கு நல்ல காற்று என்று எல்லா நூலும் சொல்லும், அது உண்மையும்தான்.

ஆபத்து அந்த வழவழப்பிலேயே இருக்கிறது. பனையும் உடைமரமும் தேரி மணல்மேடும் மறைப்பதால் கரையில் நிற்பவர் மீது காற்றின் முழு வேகம் படாது. இருநூறு மீட்டர் உள்ளே போனால் படும். அங்கே 20, 25 நாட் (மணிக்கு 37 முதல் 46 கிலோமீட்டர்) காற்று முதுகில் தள்ளும்போது, புதியவர் கையையே துடுப்பாக்கித் திரும்பி வருவது நடக்காத காரியம். நின்று துடுப்புப் போடும் பலகையும், காற்றடைத்த பலகையும் இன்னும் மோசம். நிற்கும் உடம்பே பாயாகிவிடும். எதிர்க்கரை இலங்கை.

கடலுக்குள் வைத்த புள்ளியில் மேற்கு அல்லது வடமேற்குக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டரைத் தாண்டினால் புதியவர் இறங்க வேண்டாம். சராசரி வேகத்தை விட்டுவிட்டு, காற்று திடீரென எகிறும் வீச்சின் (gust) வேகத்தைப் படியுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடுங்கள், நிற்க முயலாதீர்கள். சக்தி தீருமுன் கையை அசைத்துப் படகுக்காரரைக் கூப்பிடுங்கள்.

நேரம்

கணிப்பில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

திசை

காற்றுக்கும் அலைக்கும் எழுதியிருப்பது வரும் திசை. நீரோட்டத்துக்கு எழுதியிருப்பது போகும் திசை.

அமைதியான நீரைத் தேடி இறங்குவது

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு கீற்று மட்டும் உடையாமல், கறுத்து, மேலே நுரை கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தால் அது இழுப்பு. கரையேறிய நீர் திரும்பும் பாதை. குடும்பத்தோடு வருபவர்கள் பிள்ளைகளைச் சரியாக அந்த இடத்தில்தான் இறக்குகிறார்கள்.

தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) உள்ள ஊர்களில் இந்த இழுப்புக்கு நிரந்தர முகவரி உண்டு. கரையோரமாக ஓடிவரும் நீர் கற்சுவரில் மோதி, சுவரை ஒட்டியே கடலுக்குத் திரும்புகிறது. தெற்கு அலை நாளில் சுவரின் தென்மேற்குப் பக்கம், வாடைக்காற்று நாளில் மறுபக்கம். சுவரிலிருந்து குறைந்தது நூறு மீட்டர் தள்ளி இறங்குங்கள். அதைத் தொட்டுக்கொண்டு நீந்தி வரலாம் என்ற நினைப்பு வேண்டாம். கல்லில் முழுக்கச் சிப்பி.

இறங்குமுன் ஒரு தேங்காய் மட்டையை அலை உடையும் இடத்துக்கு உள்ளே எறிந்து ஒரு நிமிடம் பாருங்கள். முப்பது மீட்டர் நகர்ந்தால் நீவாடு வினாடிக்கு அரை மீட்டர். புதியவரின் துடுப்பு வேகத்தில் அதுவே பாதி. அன்று ஒதுக்கமான பக்கம் போய்விடுங்கள்.

இழுப்பில் சிக்கினால் பலகைமேல் படுத்து, கரைக்கு இணையாகத் துடுப்புப் போட்டு வெள்ளை நுரை உள்ள பக்கம் சேருங்கள். அந்த நுரை கரைக்குத் தள்ளும்.

மூன்று நாளுக்கு முன் பார்த்த கணிப்பு

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக்கடலில் ஒக்கி புயல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முந்தின இரவும், விடிகாலையும், இறங்குமுன் ஒருமுறையும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு மறுநாள்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. தாமிரபரணியோ நம்பியாறோ கருமேனியாறோ சிவந்து ஓடினாலே முகத்துவாரத்தின் இருபக்கமும் மரக்கட்டை, கம்பி, செத்த ஆடுமாடு வரும். அடித்தரை மணலும் இடம் மாறியிருக்கும். நீர் தெளிந்து மூன்று நாள் கழித்துப் போங்கள். போன வாரம் இடுப்பளவு இருந்த இடத்தை முதலில் பலகை இல்லாமல் காலால் அளந்து பாருங்கள்.

படகு போகிறதே என்று இறங்குவது

ஃபைபர் படகுக்கு இயந்திரம் இருக்கிறது. அதை ஓட்டுபவர் சிறுவயது முதல் அந்த அலையை எண்ணி, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தாண்டிப் பழகியவர். அவர் போவது உங்களுக்கு அனுமதி இல்லை. அவர் போகாமல் படகை மேலேற்றிக் கட்டியிருக்கிறார் என்றால் மட்டும் அது உங்களுக்கும் சேர்த்துச் சொன்ன செய்தி.

வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ‘அண்ணாச்சி, குளிக்கலாமா?’ என்று கேட்காதீர்கள். பொதுவாக ஒரு பதில் வரும். ‘நீவாடு எந்தப் பக்கம்? நேத்து ராத்திரி எதுவரை ஏறிச்சு? சுவர்ப்பக்கம் எவ்வளவு ஆழம்?’ என்று கேளுங்கள். கரைவலைக் கயிறு எங்கே கிடக்கிறது, படகு எந்த வழியாக ஏறும் என்பதையும் கேட்டு, அந்த வழியை விட்டு விலகி இறங்குங்கள். அலையோடு கரையேறும் படகால் உங்களுக்காக நிற்கவோ திரும்பவோ முடியாது.