சர்ச் கமிட்டில பொறுப்பு வந்துடுச்சா? மொதல்ல ஒரு கணக்கு நோட்டு வாங்குங்க

எங்க பக்கம், அதாவது திருநெல்வேலி ஜில்லா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள்ல, சேகர கமிட்டி (ஒரு போதகர் பொறுப்புல உள்ள சபைகளோட நிர்வாகக் கமிட்டி) எலெக்‌ஷன் முடிஞ்சா ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பூரா சால்வையும் மாலையுமாத்தான் இருக்கும், "கர்த்தர் உயர்த்தினார்"னு போட்டோவுக்கு கீழ எழுதிருக்கும். சரி, உயர்த்திட்டாரு, அடுத்த ஞாயித்துக்கெழம காலைல ஆராதன முடிஞ்ச உடனே என்ன செய்யணும்? அத யாரும் சொல்லித் தரமாட்டாங்க. நான் மூணு வருஷம் பொருளாளரா இருந்தவன், சொந்தமா சிமெண்ட் கம்பி கட ஒண்ணு வச்சிருக்கேன், கடைல ஆள் நாலு பேரு. ரெண்டு எடத்துலயும் பட்டு தெரிஞ்சிக்கிட்டத எழுதுறேன். ஒருத்தனோட விசுவாசம் அவன் ஜெபம் பண்ற கொரல்ல தெரியாதுங்க, காசு எண்ணுறப்பவும் சோறு பரிமாறுறப்பவும்தான் தெரியும், இது என் அபிப்பிராயம்.

காணிக்கைல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லா சண்டையும் அங்கதான் ஆரம்பிக்குது. பன்னெண்டு சீஷர்ல பணப்பை யார் கைல இருந்துச்சுன்னு யோவான் 12-ஆம் அதிகாரத்துல பாத்துக்கோங்க, நம்ம பதவிக்கு மூதாதை யூதாஸ்தான், அத மறந்துறக்கூடாது. பவுல் அப்படி இல்ல, எருசலேம் சபைக்கு தர்மப்பணம் சேத்தப்போ தனியா தூக்கிட்டு போகல, தீத்துவையும் சபைகளே தெரிஞ்செடுத்த இன்னொரு சகோதரனையும் சேத்து அனுப்புறாரு, நம்ம மேல யாரும் குத்தம் சொல்லிறக்கூடாதுன்னு காரணத்தையும் எழுதிருக்காரு (2 கொரிந்தியர் 8). பவுல் மேலயே சந்தேகம் வரும்னா நீங்களும் நானும் எம்மாத்திரம்?

அதனால முறைய சொல்றேன். காணிக்க பைய வெஸ்ட்ரில (சர்ச்சோட சேந்த சின்ன ரூம்) மேச மேல கொட்டுறப்ப மூணு பேர் இருக்கணும், மூணு பேரும் ஒரே குடும்பமா இருக்கக்கூடாது, மாமனும் மருமகனும் மச்சினனுமா உக்காந்து எண்ணுனா அது மூணு பேர் இல்ல, ஒரு ஆள்தான். நோட்ட வகவகையா பிரிச்சு 500 எத்தன, 200 எத்தன, 100 எத்தனன்னு ஒரு சீட்டுல எழுதணும், சில்லறைய தனியா எண்ணணும், பென்சில் கூடாது பேனாதான், மூணு பேரும் கையெழுத்து போடணும். திங்கக்கெழம பேங்க் தெறந்ததும் கட்டிறணும், "வியாழக்கெழம அந்தப் பக்கம் போற வேல இருக்கு, அப்ப பாத்துக்கலாம்"ங்கிற பேச்சே வேண்டாம்.

இந்த நோட்டு வாரி சீட்டு எதுக்குன்னு நான் நெனச்சிருக்கேன், மொத்தம் சரியா இருந்தா போதாதான்னு. மொத வருஷம் ஒரு சனிக்கெழம ராத்திரி கடைக்கு சிமெண்ட் லோடு வந்துருச்சு, லாரி டிரைவர் வாடகைய கைல குடுத்தாத்தான் எறக்குவேன்னு நிக்கான், கைல காசில்ல, ஏடிஎம் மெஷின் வேல செய்யல. வீட்டு பீரோல அந்த வாரம் சாயங்காலக் கூட்டத்துல எடுத்த காணிக்க இருந்துச்சு, எட்டு 500 நோட்டு எடுத்து குடுத்துட்டேன், திங்கக்கெழம காலைல கடைல வந்த காசுல 4,000 திருப்பி வச்சிட்டேன். மொத்தம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நான் வச்சது 20 இருநூறு ரூவா நோட்டு. பேங்க்ல சலான் எழுதுறப்ப கூட வந்த செயலர் அண்ணாச்சி சீட்ட பாக்காரு, நோட்ட பாக்காரு, என்னைய பாக்காரு, "என்னடே, 500 எல்லாம் குட்டி போட்டுருக்கு?"ன்னாரு, அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு அந்த ஏசிலயும் வேர்த்துருச்சு. ஒரு பொய் வாய் வரைக்கும் வந்துச்சு, ஞாயித்துக்கெழம சில்லற மாத்திக் குடுத்தேன்னு சொல்லலாம்னு. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்"னு ஓய்வுநாள் பள்ளில எத்தன வருஷம் மனப்பாடம் சொல்லிருப்போம், அன்னைக்குத்தான் அதுக்கு வேல வந்துச்சு. உள்ளத சொன்னேன். அவரு ஏசல, "ஐயர்ட்ட நீயே போய் சொல்லிரு, நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்"னாரு. ஐயரும் (சபை போதகர எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) கத்தல, கணக்கு நோட்டுல எடுத்த தேதியும் வச்ச தேதியும் போட்டு எழுதச் சொன்னாரு. அன்னைலேர்ந்து காணிக்க பொட்டி வெஸ்ட்ரிலயே இருக்கும், வெஸ்ட்ரி சாவி என்கிட்ட, பொட்டி சாவி அண்ணாச்சிகிட்ட. என் நேர்மைய நம்பி அப்படி செய்யல, நம்பாமத்தான் செஞ்சோம், அதுதான் சரி.

இன்னொண்ணு. பொறந்தநாள் ஸ்தோத்திர காணிக்க, கல்யாணநாள் காணிக்க எல்லாம் கவர்ல பேர் எழுதி வரும், அப்ப யார் எவ்வளவு போடுறாங்கன்னு ஊருக்கே தெரியாதது உங்களுக்கு தெரியும், பெரிய காரு வச்சிருக்கவர் 50 ரூவாயும் பீடி சுத்துற அக்கா 500 ரூவாயும் போட்டிருப்பாங்க. அது டீக்கடைக்கு போகக்கூடாது, வீட்டுல பொண்டாட்டிக்கே தெரியக்கூடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வருவோம். வாழத்தாரு, கருப்பட்டி, சேவல், பூசணிக்கா எல்லாம் படைச்சு ஏலம் விடுவாங்க, ஒரு சேவல் ரோஷத்துலயே பல ஆயிரத்துக்கு ஏறிப்போகும், வெளியூர்லேர்ந்து வந்தவங்க பாத்து மெரண்டுருவாங்க. இதுல நான் பழகுனது ரெண்டு விஷயம். ஏலத்த சின்னப் பொருள்ல ஆரம்பிங்க. ஒரு தடவ ஒரு பாட்டி தூக்குவாளில தவுட்டுக்குள்ள ஆறு நாட்டுக்கோழி முட்ட கொண்டாந்தாங்க, நம்ம பயலுவ அத பெஞ்சுக்கு அடில தள்ளிட்டு மைக்க புடிச்சு வாழத்தார தூக்கிட்டானுவ, கடசில முட்டய எடுக்கப்ப பாதி கூட்டம் சாப்பாட்டு பந்திக்கு போயாச்சு. பாட்டி அங்கயே நின்னுட்டு இருந்தாங்க, அவங்க முட்ட எவ்வளவுக்கு போகுதுன்னு பாக்க. அதுக்கடுத்த வருஷத்துலேர்ந்து கூட்டம் நெறஞ்சு இருக்கப்ப மொத முட்டைய ஏலம் விட்டோம், வெலையும் நல்லா போச்சு. ரெண்டாவது, ஏலத்துல எடுத்துட்டு காசு தராதவங்க பேர ஆராதனைல வாசிக்காதீங்க. சில சபைல செய்றாங்க, வசூல் ஆகுதுதான், ஆனா அந்த ஆளு அப்புறம் திருவிருந்துக்கு முன்னால வந்து முழங்கால் போடுவானா? ரெண்டு பேரா வீட்டுக்கு போங்க, காப்பி குடுத்தா குடிங்க, தவணைல குடுன்னு சொல்லிட்டு வாங்க.

அசனம், அதாவது சபையார் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுற பந்தி. இதுக்கு எழுத நெறைய இருக்கு. ஆதித்திருச்சபைல மொத பெரிய சண்டை உபதேசத்துக்காக வரல, சோத்துக்காகத்தான் வந்துச்சு, கிரேக்கு பேசுற விதவைகள பந்தில கவனிக்கலன்னு (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர் என்ன செஞ்சாங்கன்னு கவனிச்சு படிங்க, ஏழு பேர தெரிஞ்செடுத்து அந்த வேலைய குடுத்தாங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோருன்னு அந்த ஏழு பேரும் கிரேக்கப் பேருதான். அதாவது கொற சொன்ன பக்கத்து ஆளுங்க கைலயே கரண்டிய குடுத்துட்டாங்க! எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆச்சு. அசனத்துல எங்க தெருவுக்கு கறி வரல, கொழம்புதான் வந்துச்சுன்னு ஒருத்தர் வருஷா வருஷம் சத்தம் போடுவாரு, அவர சமாதானப்படுத்தியே ஓஞ்சிட்டோம், ஒரு வருஷம் அவரையே கறி பரிமாறுற பொறுப்புக்கு போட்டோம். அன்னைக்கு அவரு கடசி பந்தில உக்காந்து கொழம்ப ஊத்தி சாப்பிட்டாரு, ஒரு சத்தமும் இல்ல. கமிட்டி ஆளு கடசி பந்தில சாப்பிடணும், சட்டி கழுவுற எடத்துல அர மணி நேரமாச்சும் நிக்கணும், ஐயரோட மேசைல உக்காந்து தனியா கறி வாங்கி சாப்பிட்டா அத மொத்த ஊரும் பாக்கும்.

பந்தின்னு சொன்னா சாதியையும் சொல்லித்தான் ஆகணும், சொல்லாம போனா நான் பொய் எழுதுறேன்னு அர்த்தம். சபைக்குள்ள சாதி வேறுபாடு இருக்கவே கூடாதுன்னு கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833-ல. இன்னைக்கும் எலெக்‌ஷன்ல யார் யார் எந்த ஆளுங்கன்னு கணக்கு போட்டுத்தானே பேனல் நிறுத்துறோம்? பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல எடமும் ஏழைக்கு காலடியும் குடுக்காதீங்கன்னு யாக்கோபு ரெண்டாம் அதிகாரத்த வாசிச்சிட்டு அப்படியே அந்தக் கணக்க போடுறோம். ஒரு கமிட்டி மெம்பரா நீங்க உலகத்த மாத்த முடியாது, ஆனா சப்-கமிட்டிக்கு பேர் எழுதுறப்ப எந்தத் தெருவுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வரலன்னு பாத்து மொதப் பேர அங்கேர்ந்து எழுதலாம், கல்லறைத் தோட்டத்துல எடம் குடுக்குறதுல யாராச்சும் மொணங்குனா எந்திரிச்சு பேசலாம். ரெண்டு ஓட்டு போகும். போகட்டும்.

சண்ட வந்தா மத்தேயு 18-ல சொன்ன முறை தெரியுமில்ல, மொதல்ல நீயும் அவனும் தனியா இருக்கப்ப பேசு, அப்புறம் ரெண்டு மூணு பேர், கடசிலதான் சபை. நாம தலகீழா மொதல்ல வாட்ஸ்அப் குரூப்ல போடுறோம். ராத்திரி 10 மணிக்கு மேல குரூப்ல பதில் எழுதாதீங்க, காலைல நேர்ல போங்க.

கடைக்கு வருவோம், ஏன்னா ஞாயித்துக்கெழம ஒரு ஆளு திங்கக்கெழம வேற ஆளுன்னா மேல சொன்னதெல்லாம் நாடகம். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ நிக்கணும், கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், ஆனா லைட் வெயிட் கம்பின்னு ஒண்ணு மார்க்கெட்ல சுத்துது, தராசுல போட்டா ஒம்பதரைதான் வரும், அதையே பட்டியல் வெயிட்டுல பில் போட்டா ஒரு கம்பிக்கு ஒரு கிலோ காசு சும்மா கைக்கு வரும், வீடு கட்டுறவருக்கு தெரியவே தெரியாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு நீதிமொழிகள்ல இருக்கு, கேலண்டர்ல மாட்டிருக்கோம், அந்தக் கேலண்டருக்கு கீழதான் தராசும் இருக்கு. நான் தராசுல போட்டுத்தான் விக்கிறேன், பக்கத்து கடைய விட கம்பிக்கு ரேட்டு கூடத் தெரியும், அதனால சில ஆர்டர் போகுது, போறது நெசம், ஆசீர்வாதம் ரெட்டிப்பா வந்துச்சுன்னு சாட்சி எல்லாம் சொல்லமாட்டேன்.

கடைல வேல பாக்குறவங்கள்ல ஒருத்தர்தான் கிறிஸ்தவர், மத்தவங்க இல்ல. காலைல ஜெபத்துக்கு எல்லாரையும் நிக்க வைக்கிற மொதலாளிங்கள பாத்திருக்கேன், சம்பளம் குடுக்குறவன் நிக்கச் சொன்னா நிப்பாங்க, அதுக்குப் பேரு ஜெபமா? நான் கட தெறந்ததும் தனியா ரெண்டு நிமிஷம் கண்ண மூடிப்பேன், அவ்வளவுதான். கூலிக்காரன் கூலிய சூரியன் மறையறதுக்குள்ள குடுன்னு உபாகமம் 24-ல இருக்கு, அதனால சனிக்கெழம சம்பளத்த இருட்டுறதுக்கு முன்னாடி குடுத்துறணும், கலெக்‌ஷன் வரலன்னாலும் கடன் வாங்கியாச்சும். (எங்கேர்ந்து கடன் வாங்கக்கூடாதுன்னு மேலயே எழுதிட்டேன்.)

எங்க ஜில்லாக்காரர் ஒருத்தர சொல்லாம முடியாது. அப்ப எங்க ஜில்லால இருந்து இப்ப தூத்துக்குடி ஜில்லாவுக்கு போயிட்ட வெள்ளாளன்விளைல 1874-ல பொறந்த அசரியா. 1902-ல யாழ்ப்பாணம் போனப்போ அங்க உள்ள தமிழ் கிறிஸ்தவங்க தாங்களே மிஷனரி அனுப்புறத பாத்துட்டு வந்து, அடுத்த வருஷம் நம்ம ஆளுங்க காசுலயே இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்க முன்ன நின்னாரு. அதுவரைக்கும் சரி, நல்ல அமைப்பாளர்னு சொல்லலாம். ஆனா அடுத்தவன மட்டும் அனுப்பிட்டு இருக்க அவருக்கு மனசு ஒப்பல, ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) செயலர் வேலைய விட்டுட்டு 1909-ல தானே தோர்ணக்கல் போயி தெலுங்கு படிச்சு கிராமம் கிராமமா நடந்தாரு, 1912-ல பிஷப் ஆனது அதுக்கப்புறம். கமிட்டில ஒரு வேலைக்கு ஆள் கேட்டு யாரும் கை தூக்கலன்னா, கேட்ட ஆளே போறதுதான் முறை.

அதுக்காக எல்லாத்தையும் நீங்களே இழுத்து போட்டுக்காதீங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்தையா வழக்கு தீத்துட்டு இருந்த மோசேகிட்ட, நீ செய்றது நல்லதில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது மாமனார் எத்திரோ. வீட்டுல உங்க மாமனாரோ சம்சாரமோ அதே மாதிரி சொன்னா கோவப்படாதீங்க, புள்ளைங்க பரீட்சை நேரத்துல தெனமும் கமிட்டி மீட்டிங்னு போறது ஊழியம் இல்ல.

கடசியா நோட்டு. ஸ்பைரல் நோட்டு வேண்டாம், தாள் கிழிச்சா தெரியாது, பைண்டு பண்ணி பக்க நம்பர் அச்சடிச்ச நீள நோட்டு வாங்குங்க. தப்பா எழுதுனா ஒத்தக் கோடு போட்டு அடிச்சு பக்கத்துல கையெழுத்து, வெள்ள மை தடவுறது கூடாது. பதவிக்காலம் முடிஞ்ச அன்னைக்கே நோட்டு, பாஸ்புக், பில்லு, சாவி எல்லாத்தையும் அடுத்தவர்ட்ட ஒப்படைச்சு கையெழுத்து வாங்கிறணும். நான் ஒப்படைச்ச பையன் எம்காம் படிச்சவன், உக்காந்து ஒவ்வொரு பக்கமா பொரட்டுனான், மொத வருஷத்துப் பக்கத்துல நின்னுட்டான், "அண்ணே, என்ன இது, 4,000 சொந்தத் தேவைக்குன்னு எழுதிருக்கு?"ன்னான். ரெண்டு டீ சொல்லிட்டு உக்காந்து சொன்னேன்.