பார்ட்னர்ஷிப்பைக் கலைத்தாச்சு, கடைசி ரிட்டர்ன் எப்படிப் போடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை, பாண்டியில் ஒரு கிளை, இரண்டும் ஒரே பார்ட்னர்ஷிப், ஒரே பான். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு நானும் மச்சானும் பேசி முடித்துக் கலைத்துக்கொண்டோம். கலைப்புப் பத்திரம், பதிவாளரிடம் தகவல் கொடுப்பது எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், அதை விட்டுவிடுகிறேன். இங்கே வரிக் கணக்கு மட்டும்.

முதலில் ஒன்று: கடைசி ரிட்டர்ன் என்பது ஒரே ரிட்டர்ன் இல்லை. ஜிஎஸ்டிக்குத் தனி, வருமான வரிக்குத் தனி, நீங்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கட்டும் வரி) பிடித்திருந்தால் அதற்கும் தனி. எதை எந்த வரிசையில் மூடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜிஎஸ்டியில் தொடங்குங்கள். பாக்கி இருக்கும் வழக்கமான ரிட்டர்ன்கள், அதாவது ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (வரிக் கணக்கு) எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கலைத்த 30 நாளுக்குள் ஆர்இஜி-16 படிவத்தில் ஜிஎஸ்டி பதிவின் ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரத்து ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டிஆர்-10 என்று ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையான கடைசி ரிட்டர்ன். ரத்தான தேதி, ஆணை வந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 3 மாதம் அவகாசம். தாண்டினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். கையில் ஒரு சுவிட்ச் கூட மிச்சம் இல்லை என்றாலும் போட்டாக வேண்டும்.

இப்போது கடலூர்–பாண்டி விஷயம். அரை மணி, முக்கால் மணி நேர பஸ் பயணம்தான், ஆனால் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கத்தில் வரும் மாநிலக் குறியீடு 33-இல் இருந்து 34 ஆகிவிடும். ஆக இரண்டு பதிவு, இரண்டு ரத்து, இரண்டு ஜிஎஸ்டிஆர்-10. பாண்டிக் கடையில் மிஞ்சிய வயர் காயிலை எல்லாம், நம்ம சரக்குதானே என்று டாடா ஏஸில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரே பான் என்றாலும் இரண்டு பதிவும் சட்டத்தின் கண்ணில் தனித்தனி ஆள். ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டு பில் எழுத வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் போனால் சரக்கோடு போகும் இ-வே பில்லும் வேண்டும். அந்த ஐஜிஎஸ்டியைக் கடலூர் பதிவில் கிரெடிட்டாக எடுத்து, அங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கடலூர் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். அதனால் பாண்டியை முதலில் மூடி, கடலூரில் விற்றுத் தீர்த்துவிட்டு, அப்புறம் கடலூரை மூடுவதுதான் சரி.

விற்காமல் மிஞ்சிய சரக்குக்கு, ஏற்கெனவே எடுத்த கிரெடிட், இன்றைக்கு விற்றால் வரும் வரி, இரண்டில் எது அதிகமோ அதை ஜிஎஸ்டிஆர்-10-இல் கட்ட வேண்டும். கொள்முதல் பில் தொலைந்த சரக்குக்குச் சந்தை விலையைப் போட்டு ஆடிட்டர் சான்றிதழ் இணைக்கணும். நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டால் கூட நிம்மதி என்பது என் கட்சி.

வருமான வரிக்கு ஐடிஆர்-5. நடுவருடத்தில் கலைத்தாலும் படிவம் மார்ச் முடிந்த பிறகுதான் திறக்கும். ஏப்ரல் 1 முதல் கலைத்த நாள் வரைக்கும் லாப நட்டக் கணக்கு, கலைத்த நாளைக்கு பேலன்ஸ் ஷீட். ஃபர்முக்கு அடிப்படை விலக்கு கிடையாது, முதல் ரூபாயில் இருந்தே 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். நஷ்டம் என்றாலும் போட வேண்டும், ஆனால் அந்த நஷ்டத்தை நீங்களோ பார்ட்னரோ சொந்தக் கணக்கில் கழிக்க முடியாது, ஃபர்மோடு போய்விடும்.

மச்சான் கொஞ்சம் சரக்கைக் கொள்முதல் விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கலைப்பில் பார்ட்னருக்குப் போகும் சரக்கையும் சொத்தையும் அன்றைய சந்தை விலைக்கு ஃபர்ம் விற்றதாகவே கணக்கு வைப்பார்கள், 2021 பட்ஜெட்டில் வந்த விதி. ரேக், கம்ப்யூட்டர் எல்லாம் கைமாறிவிட்டால் அந்த வருடம் தேய்மானமும் கிடையாது.

ஆன்லைனில் நேரடியாக நிரப்புவதைவிட, கம்ப்யூட்டரில் இறக்கி நிரப்பும் ஆஃப்லைன் யுட்டிலிட்டி எனக்குப் பிடிக்கும், பாதியில் லாக்அவுட் ஆகித் தொலையாது. போட்ட பிறகு 30 நாளுக்குள் இ-வெரிஃபை.

சரி, எல்லோரையும் இழுத்தடிக்கும் இடம்: கரண்ட் அக்கவுண்ட். மினிமம் பேலன்ஸ் வீணாகக் கிடக்கிறது, மூடிவிடலாம் என்று மச்சான் நச்சரித்தார், நான் விடவில்லை. எங்களுக்கு டிடிஎஸ் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தது. அது ஃபர்ம் பானோடு இணைந்து, வருமான வரி போர்ட்டலில் வேலிடேட் ஆன (சரிபார்க்கப்பட்ட) கணக்குக்குத்தான் வரும், பார்ட்னரின் சேமிப்புக் கணக்கைக் கொடுத்தால் ஏறாது. ஐடிஆர் போடுவதே அடுத்த ஏப்ரலுக்கு மேல், ரீஃபண்ட் அதற்கும் அப்புறம். அதுவரை கணக்கை யார் இயக்குவது என்று கலைப்புப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். ரீஃபண்ட் வந்த பிறகு கணக்கை மூடி, கடைசியாக பானை ஒப்படையுங்கள்.

இடையில் போர்ட்டலில் மொபைல், மெயில் இரண்டையும் உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். கலைத்த பிறகும் ஃபர்மின் வரிப் பாக்கிக்கு பார்ட்னர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடை மெயிலை யாரும் பார்க்காவிட்டாலும் நோட்டீஸ் வந்ததாகத்தான் அர்த்தம்.

பின்சேர்க்கை: காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-10 தேவையா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தேவையில்லை, அவர்களுடைய வருடாந்திர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-4 போட்டால் போதும். இன்னொன்று, 2025 ஏப்ரல் முதல் பார்ட்னருக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருடத்தில் 20,000 ரூபாய் தாண்டினால் ஃபர்ம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பார்ட்னர் போட்ட முதலீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது. அதனால் அந்தக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போகும் வரை டான் எண்ணை (டிடிஎஸ் பிடிப்பவருக்கான எண்) கையில் வைத்திருங்கள்.