மைக்ரோலென்ஸிங்ல கிரகம் தேடுறது எப்படி?

முதல்லயே சொல்லிடறேன், இந்த முறைல கிரகம் கண்ணுல படாது, அது சுத்துற ஸ்டார்கூட பெரும்பாலும் தெரியாது. நாம பார்க்கறது அதுக்கும் பின்னாடி ரொம்ப தூரத்துல இருக்கற வேற ஒரு ஸ்டார. முன்னாடி ஸ்டார் குறுக்க வரும்போது அதோட ஈர்ப்பு பின்னாடி ஸ்டாரோட ஒளிய வளைச்சுக் குவிக்கும், அதனால பின்னாடி ஸ்டார் சில வாரம் பிரகாசமாகி அப்புறம் பழையபடி மங்கிடும், முன்னாடி ஸ்டாருக்கு கிரகம் இருந்தா அந்த ஏத்த இறக்கத்துல ஒரு குட்டி பம்ப் வரும். அதத்தான் தேடணும்.

இத நேர்ல பார்க்க வாய்ப்பே இல்லன்னு ஐன்ஸ்டைனே 1936ல எழுதினாரு. அவர சொல்லியும் குத்தமில்ல, எந்த நேரத்துலயும் பத்து லட்சம் ஸ்டார்ல ஒண்ணுதான் இப்படி மாட்டும். அதான் ஸ்டார் நெருக்கமா இருக்கற கேலக்ஸி மையத்த, அதாவது தனுசு ராசிப் பக்கத்த பார்த்து, கோடிக்கணக்கான ஸ்டாரோட ஒளிய சில டெலஸ்கோப் குழுவுல அளந்துட்டே இருக்காங்க: சிலில ஓகிள், நியூசிலாந்துல மோவா, அப்புறம் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியான்னு மூணு இடத்துல கேஎம்டிநெட், ஒரு இடத்துல விடிஞ்சா இன்னொரு இடத்துல ராத்திரி இருக்கும்ல.

உங்களுக்கு டெலஸ்கோப் வேணும்னு இல்ல. ஓகிளோட எர்லி வார்னிங் சிஸ்டம்ங்கற வெப்சைட்ல ஒவ்வொரு ஈவண்டுக்கும் (ஒரு ஸ்டார் இப்படி பிரகாசமாகி மங்கறதுதான் ஒரு ஈவண்ட்) டேட்டா ஃபைல் இருக்கும், முதல் நெடுவரிசை தேதி, அடுத்தது மேக்னிட்யூட், அதாவது பிரகாச அளவு, மூணாவது அந்த அளவோட எரர். ப்ளாட் போடும்போது ஒய் ஆக்ஸிஸ தலைகீழா திருப்புங்க, மேக்னிட்யூட் எண் குறைஞ்சாதான் பிரகாசம் கூடுது.

மொதல்ல கிரகமே இல்லன்னு வச்சுக்கிட்டு சிங்கிள் லென்ஸ் மாடல, அதாவது முன்னாடி ஸ்டார் மட்டுமே ஒளிய வளைக்கற மாடல, ஃபிட் பண்ணுங்க, பைத்தான்ல மியூலென்ஸ்மாடல், பைலீமான்னு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே இருக்கு. மூணு எண் கிடைக்கும்: உச்சம் எப்போ, எவ்ளோ கிட்ட வந்துச்சு, ஈவண்டோட கால அளவு எத்தனை நாள். இந்த வளைவு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அத டேட்டால இருந்து கழிச்சுட்டு மிச்சத்தப் பாருங்க. ஒரே ஒரு புள்ளி துருத்திட்டு நின்னா அது மேகமாகூட இருக்கும், வரிசையா பல புள்ளி விலகி, வேற டெலஸ்கோப்லயும் அதே விலகல் தெரிஞ்சாதான் மேல போகணும்.

இப்ப ஒரு தோராயக் கணக்கு. பம்ப் நீடிச்ச நேரத்த ஈவண்டோட கால அளவால வகுத்து ஸ்கொயர் பண்ணுங்க. 20 நாள் ஈவண்ட்ல 1 நாள் பம்ப்னா 0.0025, அதான் கிரகத்துக்கும் அதோட ஸ்டாருக்கும் உள்ள நிறை விகிதம். வியாழன்-சூரியன் விகிதம் கிட்டத்தட்ட 0.001, ஸோ இது அத விட ரெண்டரை மடங்கு. பின்னாடி ஸ்டார் பெருசா இருந்தா பம்ப் அகலமாகி இந்தக் கணக்கு உதைக்கும், 2006ல அறிவிச்ச ஓகிள்-2005-பிஎல்ஜி-390ங்கற ஈவண்ட் அப்படித்தான், பூமியப் போல சுமார் 5.5 மடங்கு நிறைதான் அந்தக் கிரகத்துக்கு.

உடனே குதிக்காதீங்க. பின்னாடி ஒண்ணுக்கு ரெண்டு ஸ்டார் இருந்தாலும் இதே மாதிரி பம்ப் வரும், அந்த மாடலயும் ஃபிட் பண்ணி ஒப்பிட்டே ஆகணும். இன்னொரு தலைவலி, கிரகம் ஐன்ஸ்டைன் வளையத்துக்கு (ரெண்டு ஸ்டாரும் ஒரே நேர்கோட்டுல வந்தா முன்னாடி ஸ்டார சுத்தி ஒளி வளையமா தெரியற இடம்) உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் பல நேரம் வளைவு ஒரே மாதிரி வரும், அப்போ ரெண்டு விடையயும் எழுதி வைங்க.

சொந்த டெலஸ்கோப் இருக்கா? நியூசிலாந்து அமெச்சூர்ங்க 2005ல 10 இன்ச் டெலஸ்கோப்ப வச்சே ஒரு கிரகக் கண்டுபிடிப்புல பங்கெடுத்திருக்காங்க. பிரகாசம் ரொம்ப ஏறப்போற ஈவண்டா பொறுக்கி, உச்சம் வர்ற ராத்திரி விடாம எடுங்க, கிரகத்தோட தடம் அங்கதான் அதிகமா சிக்கும், அந்த ஈவண்ட் இன்னொரு தடவ வராது.