எல்லாரையும் கனம்பண்ணுவதில் நாம் எங்கே தவறுகிறோம்?

“எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்” (1 பேதுரு 2:17). ராஜாவுக்குக் கொடுக்கச் சொன்ன அதே கனத்தைத்தான் பேதுரு எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். நிருபத்தைப் பெற்றவர்களோ பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா தேசங்களில் சிதறியிருந்தவர்கள். அக்கிரமக்காரர் என்று பழி சுமந்தவர்கள் (2:12). அப்படிப் பழி சொன்னவர்களும் அந்த ‘எல்லாரில்’ அடக்கம்.

ஆகவே, தகுதி பார்த்து மரியாதை கொடுப்பதுதான் அடிப்படைத் தவறு. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறது. பாவம் வந்து, ஜலப்பிரளயமும் முடிந்த பிறகு, 9:6 அதே சாயலைக் காரணம் காட்டித்தான் கொலையைத் தடுக்கிறது. குடிகாரரும் சிறையிலிருப்பவரும் அந்தச் சாயலை இழந்துவிடவில்லை. போதகரிடம் “வாங்க ஐயா” என்றுவிட்டு, கழிப்பறையைச் சுத்தம் செய்பவரிடம் “இங்க வா” என்பவர், அன்றைய பிரசங்கத்தை எவ்வளவு ரசித்தாலும் இந்தக் கட்டளையை மீறியவர்தான்.

சபையில் இது முதலில் வெளிப்படும் இடம் வாசல். பொன்மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்தவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கோ பாதபடியருகே இடம் என்ற காட்சியை யாக்கோபு 2:2-4 அப்படியே படம்பிடிக்கிறது. வரவேற்பவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. ஆராதனை தொடங்கும் பரபரப்பில் முடிவெடுக்க ஒரு நொடிதான் இருக்கும். கண் உடனே உடைக்குப் போகும். அந்த நொடியில் யோசிக்கத் தேவையில்லாதபடி விதியை முன்பே வகுத்துவிட வேண்டும். காது மந்தமானவர்கள், நெடுநேரம் நிற்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் ஆகியோருக்கு மட்டும் இடம் ஒதுக்குங்கள். மற்றபடி முதலில் வருபவருக்கு முதல் காலியிடம். நன்கொடையாளர்களுக்கென்று தனி வரிசை வேண்டாம். புதியவர்களை வரவேற்கும்போது எல்லாருக்கும் ஒரே வாசகம் போதும். ஒருவருடைய பதவியைச் சொல்லிவிட்டு அடுத்தவரின் பெயரோடு நிறுத்தினால், யாருக்கு என்ன மதிப்பு என்பது சபைக்கே புரிந்துவிடும்.

உதவி செய்யும் இடத்தில் இன்னும் அதிகமாகச் சறுக்குகிறோம். பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, பையைக் கையில் கொடுத்து, படம் எடுப்பது மத்தேயு 6:2-4க்கு நேர் எதிரானது. வாங்குபவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அவருடைய “சரி”யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அடகு வாங்கப் போகும் கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், அடகை அந்த வீட்டுக்காரனே எடுத்துவந்து கொடுப்பான் என்கிறது உபாகமம் 24:10-11. கடனில் இருப்பவனுக்கும் தன் வீட்டுக்குள் ஒரு கௌரவம் உண்டு. எனவே அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு, இரண்டு பேராகப் போய், அமைதியாகக் கொடுங்கள். என்ன தேவை என்பதையும் கேளுங்கள். பர்திமேயு குருடன் என்பது தெரிந்திருந்தும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). பதிலுக்குச் சாட்சி சொல்லக் கேட்காதீர்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடக்கும் வம்பு தனி ரகம். குறிப்பு கொடுத்தவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இதை மற்றவர்களிடம் சொல்லலாமா? பெயரைச் சொல்லலாமா? பெயரை மறைத்துவிட்டு, “வேலை போனவர், மூன்று பெண்பிள்ளைகள்” என்று விவரித்தால் சிறிய சபையில் யார் என்று தெரியாமலா போகும்? “ஒரு குடும்பத்தின் தேவைக்காக” என்றால் போதும்.

கனம்பண்ணுவது என்றால் ஒத்துப்போவது என்று நினைப்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் மற்ற அப்போஸ்தலர்களோடு சொன்னவர் இதே பேதுருதான் (அப்போஸ்தலர் 5:29). மாற்று நம்பிக்கை உள்ளவர்களிடம் மறுத்துப் பேசலாம். ஆனால் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் (1 பேதுரு 3:15). அவர்கள் நம்புவதை, அவர்களே “ஆமாம், இதைத்தான் நம்புகிறோம்” என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கேலி செய்வது சுலபம், அதனால்தான் அடிக்கடி நடக்கிறது.

இதைவிட ஆபத்தானது, அடிவாங்கும் மனைவியிடமோ துன்புறுத்தப்பட்ட பிள்ளையிடமோ “எல்லாரையும் கனம்பண்ணுங்கள்” என்ற வசனத்தைக் காட்டி வாயை அடைப்பது. தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்ற மத்தேயு 18:15ஐச் சொல்லி, பாதிக்கப்பட்டவரைத் தாக்கியவர் முன் தனியே அனுப்பாதீர்கள். முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள். குற்றம் நடந்திருந்தால் காவல்துறையிடம் போங்கள். தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு அதிகாரத்துக்கு உண்டு என்று ரோமர் 13:4 சொல்கிறது. மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபத்துக்கே தடைவரும் என்பதும் பேதுருவின் எச்சரிப்புதான் (1 பேதுரு 3:7).

கடைசியாக, கூலி. பொழுதுபோகுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24:15. ஆலயக் காவலாளி, ஒலிபெருக்கி இயக்குபவர், சமையல்காரர் ஆகியோரிடம் “ஊழியம்தானே” என்று சொல்லி இழுத்தடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விருப்பத்தோடு இலவசமாகச் செய்கிறாரா, கூலிக்குச் செய்கிறாரா என்பதை வேலைக்கு முன்பே பேசி, கூலி என்றால் தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.