தேன் கோதுமை பீர்: எக்ஸ்ட்ராக்டையும் தேனையும் எப்போது சேர்ப்பது?

வீட்டில் 19 லிட்டர், அதாவது அமெரிக்கக் கணக்கில் 5 கேலன் காய்ச்ச 2.7 கிலோ கோதுமை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த கெட்டிப் பாகு), 450 கிராம் தேன், 28 கிராம் ஹாலர்டாவ் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), ஒரு பாக்கெட் ஈஸ்ட் போதும். எல்லாம் சரியாகப் போட்டும் பீர் வைக்கோல் நிறத்தில் வராமல் கருத்துப் போய், தேன் வாசனையும் இல்லை என்றால் பெரும்பாலும் சேர்த்த நேரம்தான் தப்பு.

முதலில் எக்ஸ்ட்ராக்ட். சமையலறை அடுப்பில் 10 லிட்டர் தண்ணீரில்தான் கொதிக்க வைப்போம், மீதித் தண்ணீரைக் கடைசியில் ஊற்றுவோம். அந்த 10 லிட்டரில் 2.7 கிலோவையும் ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டால் ஒரு மணி நேரம் பாகு மாதிரி கொதித்து நிறம் ஏறிவிடும், கேரமல் சுவையும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் கரைத்து, கொதி வந்ததும் ஹாப்ஸ் போடுங்கள். 45 நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிட்டு (இதை மறக்காதீர்கள், எக்ஸ்ட்ராக்ட் அடியில் போய் உட்கார்ந்து கருகும்) மீதியை ஊற்றி, அடியில் எதுவும் தட்டுப்படாத வரை கிளறி, மறுபடி பற்றவைத்து 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். நீர்த்த வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத இனிப்பு மால்ட் நீரில்) ஹாப்ஸின் கசப்பு நன்றாக இறங்கும், ஆகவே எக்ஸ்ட்ராக்ட் முழுவதையும் முதலிலேயே போடச் சொல்லும் பழைய குறிப்பைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்றால் ஹாப்ஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தேன். கொதிக்கும் வோர்ட்டில் போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு போடலாம், அது பரவாயில்லை, ஆனால் நொதிக்கத் தொடங்கியதும் வேகமாக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அதிலும் பாதி மணத்தை இழுத்துக்கொண்டு போகும். நான் சொல்வது ஈஸ்ட் போட்ட மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள், நுரை எழும்பித் தணிந்த பிறகு. தேனில் காட்டு ஈஸ்ட் இருக்கும். கெட்டியாக இருக்கும்வரை அது தூங்கும், பீரில் கரைந்தால் விழித்துக்கொள்ளலாம். அதனால் தேனைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து 70 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் வைத்து, மூடி ஆறவிட்டு, தெறிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். தெறித்தால் காற்று கலந்து பீர் கெடும்.

ஊற்றியதும் நொதித்தல் மறுபடி வேகமெடுக்கும். 450 கிராம் தேன் இந்த அளவுக்கு ஏறக்குறைய 0.007 அடர்த்தியைக் கூட்டுகிறது, அத்தனையையும் ஈஸ்ட் தின்று முடிக்க இன்னும் ஒரு வாரமாவது கொடுங்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டினால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், அப்புறம் கண்ணாடித் துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, தேன் போட்டால் பீர் இனிக்காது. அதில் உள்ள சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க நொதித்துவிடும், பீர் முன்னைவிட லேசாகத்தான் ஆகும். நாக்கில் தேன் இனிப்பு வேண்டுமென்றால் 200 கிராம் ஹனி மால்ட்டை (தேன் போல இனிக்கும் ஒரு வகை மால்ட் தானியம்) உடைத்து, துணிப்பையில் கட்டி, எக்ஸ்ட்ராக்ட் போடுவதற்கு முன்பே 68 டிகிரி தண்ணீரில் அரை மணி ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.