ஸ்காபரோவில் முதல் ஆண்டு: வாடகை, சம்பளம், வரி

டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டோம் என்று கனடாவுக்குப் புதிதாக வந்த உறவினர்கள் சொன்னால், அதில் முதன்முதலாக எப்போது ஆள் குடியேறியது என்று கேட்பேன். பலர் விழிப்பார்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முறையாகக் குடியேற்றம் நடந்த வீடுகளுக்கு, வாடகையை ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று ஒன்ராறியோ மாகாணம் வைத்த உச்சவரம்பு கிடையாது. பழைய கட்டடத்தில் 2026ஆம் ஆண்டுக்கான ஏற்றம் பொதுவாக 2.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புதிய கோபுரத்திலோ உரிமையாளர் வைத்ததுதான் விலை. பழைய வீட்டில் அண்மையில் பிரித்துக் கட்டிய பேஸ்மென்ட்டும் இந்த விலக்கில் வரலாம். புதிய வீடுகள் பெருகட்டும் என்றுதான் மாகாண அரசு இதைச் செய்தது. அதன் சுமை, சொந்த வீடு இல்லாதவர்கள் தலையில் இறங்கியது.

இன்னொன்று. கனடாவில் கடன் வரலாறு (கடன் வாங்கி ஒழுங்காக அடைத்த பதிவு) இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். சட்டப்படி கடைசி மாத வாடகையை மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம். என்னிடமும் கேட்டார்கள், தெரியாமல் கடன் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடனை அடைக்கவே ஓர் ஆண்டு போயிற்று.

சம்பளக் கணக்கையும் நேராகப் பாருங்கள். 2024 இறுதியில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.20 டாலர். அதே ஆண்டில் டொரன்டோ பகுதியில் மானமாக வாழ 26 டாலர் வேண்டும் என்று வாழ்வூதியக் கணக்கு சொன்னது. 2025 அக்டோபரில் குறைந்தபட்சம் 17.60 ஆனது. இடைவெளி அடைபடவில்லை. அதை இரண்டாவது வேலையால் அடைக்கிறவர்களை விடிகாலைப் பஸ்ஸில் பார்ப்பீர்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு நகரின் வரைபடத்திலேயே தெரிகிறது. 1970 முதல் 2005 வரை நகர மையமும் சுரங்க ரயிலை ஒட்டிய பகுதிகளும் செழிக்க, ஸ்காபரோவின் பெரும்பகுதி சராசரி வருமானத்துக்குக் கீழே சரிந்ததை டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கியின் ஆய்வு காட்டியது. 2023 ஜூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ ரயில் அதன்பின் ஓடவே இல்லை. ஆகவே பயண நேரத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பிரெஸ்டோ என்ற பயண அட்டை இருந்தால், டிடிசி எனும் நகரப் பஸ்ஸிலிருந்து கோ எனும் புறநகர் ரயிலுக்கு மாறும்போது டிடிசிக்குக் கொடுத்த கட்டணம் கோ கட்டணத்தில் குறைக்கப்படும்.

கணக்கில் காட்டாமல் கையில் காசாகச் சம்பளம் தரும் வேலையைத் தவிர்க்கப் பாருங்கள். வேலையிழப்புக் காப்பீட்டுக்கான மணிநேரமும் ஓய்வூதியப் பங்களிப்பும் கணக்கில் ஏறாது.

வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் வரி விவரம் தாக்கல் செய்யுங்கள். கணவன், மனைவி இருவருமே செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கான மாதாந்தர உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. தாக்கல் செய்யாவிட்டால் ஜூலையில் அது நின்றுபோகும். வீட்டில்தானே இருக்கிறாள் என்று மனைவியின் படிவத்தை நான் விட்டுவிட்டேன். அந்த ஜூலையில் எங்களுக்குப் பணம் வரவில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகவே படிவம் நிரப்பித் தருகிறார்கள். பிப்ரவரி இறுதிக்குள் டி4 எனும் ஆண்டுச் சம்பள விவரத் தாள் வராவிட்டால் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள்.