புத்தகத்தைக் கொடுத்த கையோடு நோட்டையும் நீட்டாதீர்கள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை உருவினான். அட்டையைக்கூடப் பார்க்கவில்லை, நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி எத்தனை பக்கம் என்று பார்த்தான்.

"டீச்சர், இதப் படிச்சா எழுதோணுமா?"

வேண்டாம் என்றதும்தான் முதல் பக்கத்துக்கு வந்தான்.

வாசிப்புக் குறிப்பு எழுத வைத்த பாவம் எனக்கும் உண்டு. நோட்டுக் கட்டைத் திருத்தினால் எல்லாவற்றிலும் ஒரே வரி: 'இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.' பாதி, பின்னட்டையைப் பார்த்து எழுதியது. இப்போது, கதையில் யாரைக் கண்டால் எரிச்சலாக வந்தது என்று மட்டும் போகிற போக்கில் கேட்கிறேன். சண்டையே நடக்கும்.

வாசிக்கும் ஆசையைக் கெடுக்க நாம் செய்வதில் அடுத்தது, பிள்ளை உரக்கப் படிக்கும்போது தப்பைத் திருத்தக் குறுக்கே விழுவது. இந்த எல்லையில் இது இன்னும் மோசம். மலையாளத்தில் 'ப'வுக்கும் 'பஸ்' என்பதன் முதல் ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பிள்ளை தண்ணீர் 'பாட்டில்' என்பதைப் 'பாட்டு'க்குள் இருப்பதாகவே படித்தாள். வகுப்பே சிரித்தது. அவள் வாயைத் திறக்க அப்புறம் இரண்டு வாரம் ஆயிற்று. பொருள் புரியாமல் நின்றால் மட்டும் கை கொடுங்கள். மற்றதைக் கதையே திருத்திவிடும்.

ஜூன் 19 வாசிப்பு தினம், பி. என். பணிக்கரின் நினைவு நாள். 1945இல் திருவிதாங்கூரின் ஊர் நூலகங்களை ஒன்று சேர்த்தவர். அவர் படத்துக்கு மாலை, போஸ்டர், வினாடி வினா. வாசிப்பு வாரம் முடிந்ததும் அலமாரிக்குப் பூட்டு, கிழிந்துவிடுமாம். கிழியட்டுமே! கம் எதற்கு இருக்கிறது?

சேட்டை செய்தவனைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார வைப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, "இது எதையும் படிக்காது" என்று முத்திரை குத்துவது. அப்படிப் பேர் வாங்கிய ஒருத்தியை டீக்கடையில் பார்த்தேன். மலையாளப் பேப்பரை விரித்து லாட்டரி ரிசல்ட்டைத் தாத்தாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விரலை வரிசையாக இறக்கி, ஒரு எண் விடாமல்.

"ஒரு நம்பர்ல போச்சு தாத்தா," என்றவள் பேப்பரை மடிக்கவில்லை. பக்கத்துப் பத்தியில் ஏதோ யானைச் செய்தி.